குகன் வழக்கு: ஒரு லோக்காப் மரணம் சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட விதம்

ஒரே உடலுக்கு இரண்டு சவப் பரிசோதனை அறிக்கைகள். 2009 ஜனவரி 20 அன்று மலேசியாவின் சுபாங் ஜெயா, யுஎஸ்ஜே தைப்பான் காவல் நிலையத்தில் இறந்த அ. குகனுக்கு செர்டாங் மருத்துவமனை எழுதிய முதல் அறிக்கை, நுரையீரலில் நீர் கோத்ததே மரணக் காரணம் என்றது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலிருந்து மார்ச் மாதம் வந்த இரண்டாவது அறிக்கை, 45 வகை வெளிக்காயங்களைப் பட்டியலிட்டு, அடியில் தசை சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்றது. தாயார் பின்னர் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இந்த இரண்டாவது அறிக்கையின் மேல்தான் நின்றது. அது இல்லாதிருந்தால் வாதாட எதுவும் மிஞ்சியிருக்காது.

நடந்தது

இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த குகன், சொகுசுக் கார் திருட்டுச் சந்தேகத்தில் ஜனவரி 14 அன்று கைதானார். தடுப்புக் காவலில் விசாரிக்கப்பட்டார். தண்ணீர் கேட்டார், மயங்கி விழுந்தார் என்பது போலீஸ் தரப்பு சொன்னது. குடும்பத்தாரும் உடன் வந்தவர்களும் பிணவறைக்குள் நுழைந்து, துணியை விலக்கிப் படம் எடுத்தார்கள். அத்துமீறி நுழைந்தவர்களை விசாரிப்போம் என்று போலீஸ் எச்சரித்தது. ஆனால் படங்கள் வெளியே வந்த சில நாளிலேயே, சாதாரணத் திடீர் மரணமாகக் கிடந்த கோப்பை சட்டத்துறைத் தலைவர் கொலை வழக்காக மாற்றினார்.

குற்றவியல் பக்கம் அதற்குமேல் பெரிதாகப் போகவில்லை. கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள். குற்றச்சாட்டும் கொலையல்ல, வாக்குமூலம் வாங்கக் காயம் விளைவித்தது. முதலில் விடுதலையானார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்த பிறகு எதிர்வாதம் செய்ய அழைக்கப்பட்டு, 2012இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த அறையில் ஒருவர் மட்டும்தான் இருந்தாரா, மேலதிகாரிகள் எங்கே என்ற கேள்விகளுக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் இடமே இல்லை. அவற்றைக் கேட்கச் சிவில் வழக்கு தேவைப்பட்டது.

தாயார் 2012 ஜனவரியில் வழக்குப் பதிந்தார். அன்றைய சிலாங்கூர் போலீஸ் தலைவர், அந்தக் கான்ஸ்டபிள், சுபாங் ஜெயா மாவட்டப் போலீஸ் தலைவர், ஐஜிபி (தேசியப் போலீஸ் தலைவர்), மலேசிய அரசாங்கம் ஆகியோர் பிரதிவாதிகள். 2013 ஜூன் 26 அன்று நீதிபதி வி.டி. சிங்கம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து 8,01,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கினார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை உறுதி செய்தது. சட்டவிரோதத் தடுத்துவைப்புக்கு வழங்கிய ஒரு லட்சத்தை மட்டும் நீக்கியது.

உடல் சொன்னது

வழக்கமான சவப் பரிசோதனையில் தோள்களிலிருந்து நெஞ்செலும்பு வரை, அங்கிருந்து அடிவயிறு வரை உடலின் முன்பக்கம் திறக்கப்படும். முதுகு, பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால், உள்ளங்கால் ஆகியவற்றை யாரும் கேட்காவிட்டால் கீறிப் பார்க்க மாட்டார்கள். கைதி அடிபடும் இடங்களோ பெரும்பாலும் அவைதான். கருத்த தோலில் கன்றிப்போன இடம் மேலே சரியாகத் தெரியாது. தோலைக் கீறிக் கொழுப்பை விலக்கினால்தான் தசைக்குள் உறைந்திருக்கும் இரத்தம் கண்ணில் படும். நம் ஆட்கள், அதாவது மலேசியத் தமிழர்கள், சம்பந்தப்பட்ட லோக்காப் (காவல் நிலையக் கைதி அறை) மரணங்களில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘நுரையீரலில் நீர்’ என்பது எப்படி இறந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்லும், ஏன் இறந்தார் என்பதைச் சொல்லாது. இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, போதைப்பொருள் என்று எத்தனையோ காரணங்களின் கடைசிப் படி அது. அறிக்கையில் அந்த ஒரு வரி மட்டும் இருந்தால் அடுத்த கேள்வி, நீர் ஏன் கோத்தது என்பதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது அறிக்கை சொன்ன வழி வேறு. தசை நசுங்கும்போது மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கிறது. சிறுநீர் கோப்பி நிறமாகும், பிறகு நின்றுபோகும். ஆள் சாக மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கு வரை ஆகும். சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் படிவு தெரியும்.

வழக்கறிஞருக்கு இது வெறும் மருத்துவத் தகவல் அல்ல. கொன்ற அடி என்று ஒற்றை அடியைக் காட்ட முடியாத மரணம் இது. பல அடிகள் சேர்ந்து, நேரம் எடுத்துக் கொல்கின்றன. ஆகவே எந்த அடி யாருடையது என்ற எதிர்த்தரப்பின் பிடித்தமான கேள்வி வலுவிழக்கிறது. அந்த நேரம் முழுதும் அவர் யார் கையில் இருந்தார் என்பதே கேள்வியாகிறது. 1950 சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, ஒருவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை நிரூபிக்கும் பொறுப்பு அவர் மேலேயே விழும் என்கிறது. நடந்து உள்ளே போனவர் ஆறாம் நாள் பிணமானால், இடையில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் சாவி வைத்திருந்தவர்கள்.

சுகாதார அமைச்சு பின்னர் அமைத்த நிபுணர் குழு இரண்டாவது அறிக்கையை முழுதாக ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் தங்களுக்குள் வேறுபடுவார்கள். சிவில் நீதிமன்றத்தில் நூற்றுக்கு நூறு தேவையில்லை. இதுதான் நடந்திருக்கக் கூடும் என்ற பக்கம் தராசு சற்றே சாய்ந்தால் போதும்.

இப்போது ஒரு குடும்பத்துக்கு இது நேர்ந்தால் முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியது இதுதான். சவப் பரிசோதனை, ‘போலீஸ் 61’ என்ற போலீஸ் கோரிக்கைப் பாரத்தின் பேரில் நடக்கும். அதற்கு முன்பே, முதுகும் கைகால்களும் கீறிப் பார்க்கப்பட வேண்டும், சிறுநீரகமும் தசையும் திசுப் பரிசோதனைக்கு எடுத்து வைக்கப்பட வேண்டும் என்று தடயவியல் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் ரப்பர் முத்திரை வாங்குங்கள். "இங்கே ஒரு சைன் போடுங்கம்மா, உடலைக் கொண்டுபோகலாம்" என்று மலாய்ப் பாரம் நீட்டப்படும். படித்துச் சொல்ல ஆள் வரும்வரை சைன் வேண்டாம். இரண்டாவது பரிசோதனை தேவைப்பட்டால் உடல் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கட்டும். ஃபார்மலின் ஏற்றிவிட்டால் நச்சுப் பரிசோதனை பாழாகும். அன்றே தகனம் என்பது நம் வழக்கம், ஆனால் எரித்த பிறகு எந்த நீதிமன்றமும் உதவ முடியாது. சந்தேகம் தீராதவரை அடக்கம் செய்வது நல்லது. புதைத்த உடலைத் தோண்டியெடுக்க உத்தரவு வாங்கலாம்.

படம் எடுக்கும்போது முதலில் முழு உடல், பிறகு ஒவ்வொரு காயமும் அருகில் அடிக்கோல் வைத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பியது சுருங்கிய நகல், அசல் கோப்பு எடுத்த கைப்பேசியிலேயே இருக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின் கீழ், கணினி வழி ஆவணத்துக்கான சான்றிதழ் தரவோ சாட்சி சொல்லவோ அந்தக் கைப்பேசிக்காரர்தான் நீதிமன்றம் வர வேண்டியிருக்கும்.

மரண விசாரணை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு, காவலிலோ சிறையிலோ நிகழும் மரணத்துக்கு விசாரணை வேண்டும் என்கிறது. 2014 முதல் செஷன்ஸ் நீதிபதி நிலையில் உள்ளவர்கள் மரண விசாரணை அதிகாரிகளாக அமர்கிறார்கள். அந்த முடிவு சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் குறுக்கு விசாரணையின் எழுத்துப் பதிவு விலைமதிப்பற்றது. கான்ஸ்டபிள் அன்று சொன்னதும் நான்கு ஆண்டு கழித்து வழக்கில் சொல்வதும் அரிதாகவே ஒத்துப்போகும்.

காயமே இல்லாத மரணங்களில் இந்த விசாரணை இன்னும் முக்கியம். 2012 செப்டம்பரில் டாங் வாங்கி லோக்காப்பில் இறந்த லாரி ஓட்டுநரின் மரணத்தை விசாரித்த கோலாலம்பூர் மாஜிஸ்திரேட், அவருக்குத் தேவையான மருத்துவ கவனிப்பு கிடைக்காததைப் போலீசாரின் குறையாகக் கண்டார். இத்தகைய வழக்கில் சாட்சி உடலல்ல, மருந்து. குடும்பம் மருந்தை எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த கவுண்டரில், யாரிடம் கொடுத்தது, வாங்க மறுத்தவர் யார் என்பதெல்லாம் அன்றே எழுதப்பட வேண்டும். 1953 லோக்காப் விதிகள் உள்ளே வரும் ஒவ்வொருவரையும் மருத்துவ அதிகாரி பரிசோதிக்கச் சொல்கின்றன. அந்தப் பரிசோதனைச் சீட்டு இல்லையென்றால், அது இல்லாததே ஒரு சாட்சியம்.

யார் பெயரில், யார் மேல்

இறந்தவரின் சார்பில் இரண்டு தனி வழிகள் உண்டு, இரண்டும் 1956 சிவில் சட்டத்தில். 7ஆம் பிரிவு, அவரை நம்பியிருந்தவர்களின் இழப்பு. 8ஆம் பிரிவு, இறந்தவரே பிழைத்திருந்தால் கேட்டிருக்கக்கூடியது, அதாவது அவருடைய சொத்துரிமைக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தோடு, சேர வேண்டியது. இரண்டையும் ஒரே வழக்கில் கேட்கலாம்.

8ஆம் பிரிவுக்கு சொத்து நிர்வாக உத்தரவுப் பத்திரம், அதாவது இறந்தவரின் சொத்துக்கு ஒருவரை நிர்வாகியாக்கும் உத்தரவு, கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் பதிந்துவிட்டு, பிறகு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பதிவு நாளில் பத்திரம் இல்லாத வாதிக்கு அந்தப் பகுதியைத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் மாதத்திலேயே விண்ணப்பிக்கும். பத்திரம் தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் நீதிமன்றமல்ல, வீடு. தாயாரா மருமகளா நிர்வாகி என்ற சண்டை ஓராண்டை விழுங்கிவிடும்.

7ஆம் பிரிவின் கீழ் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, 2019 திருத்தத்துக்குப் பிறகு இறந்தவரின் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளி ஆகியோர் மட்டுமே கேட்கலாம். உடன்பிறந்தவர் என்பதற்காக மட்டும் இடமில்லை. போராட்டத்துக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் அண்ணனோ அக்காவோதான், ஆனால் வழக்கின் தலைப்பில் அவர் பெயர் வர வழியில்லை, நிர்வாகியாக நியமிக்கப்பட்டாலன்றி.

எதிர்ப்பக்கத்தில் அரசாங்கத்தை மட்டும் போட்டால் வழக்கு விழும். 1956 அரசாங்க நடவடிக்கைகள் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகள்படி, அதிகாரி தவறு செய்திருந்தால்தான் அவருக்காக அரசாங்கம் பொறுப்பேற்கும். நிப்பா கிருமியால் பன்றிகளை இழந்த பண்ணைக்காரர்கள் தொடுத்த வழக்கு விழுந்தது இந்த இடத்தில்தான். லோக்காப் மரணத்துக்கும் அதே விதி. விசாரணை அதிகாரி, லோக்காப் காவலர், நிலையத் தலைவர் ஆகியோரைப் பெயரோடு சேர்க்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பணி நேரம், பதவி, நிலையம் ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காட்டியாவது எழுத வேண்டும். சிறை மரணமென்றால் சம்பந்தப்பட்ட வார்டர்கள், சிறை இயக்குநர், சிறைத்துறைத் தலைமை இயக்குநர், அரசாங்கம். ‘சிறைத்துறை’ என்று மட்டும் எழுதுவது வீண். துறைக்குச் சட்டத்தில் தனி ஆளுரு கிடையாது.

குகன் வழக்கில் மாநிலப் போலீஸ் தலைவர் வரை இழுத்தது சும்மா ஆளைப் பெரிதாக்க அல்ல. அதிகாரத்தைத் தெரிந்தே தவறாகப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டு மேலே இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். அடித்த குற்றம் கான்ஸ்டபிளோடு நின்றுவிடும். நடந்ததை மூடி மறைத்ததும் விசாரிக்காமல் விட்டதும் அவருக்கு மேலே இருப்பவர்களின் கணக்கு.

36 மாதம்

1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் தரும் கெடு 36 மாதம். சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவுக்கும் மூன்றாண்டு. குகன் வழக்கு பதிவானபோது சில நாளே மிச்சம். குற்றவியல் வழக்கு முடியட்டும், மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் பதில் வரட்டும், மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு நிற்காது. பிழைத்திருக்கும் கைதி அடிக்காகவோ சிகிச்சை மறுப்புக்காகவோ தொடுக்கும் வழக்குக்கும் இதே 36 மாதம்தான். உள்ளே இருந்தேன் என்பது காலக்கெடுவை நிறுத்தாது. சிறை ஒழுங்குத் தண்டனையை எதிர்த்து நீதித்துறை மறுஆய்வு கேட்பதானால் கெடு மூன்றே மாதம், முன்அனுமதியும் வேண்டும்.

அப்போது வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனதற்கு ஒரு காரணம் தொகை. 2013 மார்ச் முதல் உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய தொகையின் வரம்பு பத்து லட்சம் ரிங்கிட். இன்று இத்தகைய கோரிக்கைகளில் பல கோலாலம்பூர் நீதிமன்றங்கள் உள்ள ஜாலான் டூத்தா வளாகத்திலேயே செஷன்ஸ் மாடிக்குள் அடங்கிவிடும்.

ஆவணச் சண்டை

பதிந்ததும் வரும் முதல் அடி, வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்கும் விண்ணப்பம். அதைத் தாண்டினால் ஆவணம். ஸ்டேஷன் டைரி, லோக்காப் பதிவேடு, தடுப்புக் காவல் உத்தரவு, உணவுப் பதிவு, காவலர் பணி அட்டவணை, சிசிடிவி. இவற்றைப் பாதுகாத்து வைக்கச் சொல்லும் கடிதம் மரணம் நடந்த அதே வாரம் பெற்றதற்கு ஒப்புகை வரும் ஏஆர் பதிவுத் தபாலில் போயிருக்க வேண்டும். கேமரா கெட்டுப்போயிருந்தது என்ற பதில் வந்தால், எந்த நாளிலிருந்து, பழுதுபார்க்கும் கோரிக்கை யார் எழுதியது என்று அடுத்த கடிதம். இருக்கும் சாட்சியத்தைக் காட்டாதவருக்கு எதிராக சாட்சியச் சட்டத்தின் 114(ஜி) பிரிவின் கீழ் ஊகம் செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்டதற்கு எழுத்தில் சான்றில்லாமல் அந்த வாதம் எடுபடாது.

ஆவணங்கள் மூன்று கட்டாகப் பிரியும். ஏ கட்டில் இருப்பதை இருதரப்பும் ஏற்கும். பி கட்டில் ஆவணம் உண்மை, உள்ளடக்கம் சர்ச்சை. சி கட்டில் எல்லாமே சர்ச்சை. இரண்டாவது சவப் பரிசோதனை அறிக்கையை எதிர்த்தரப்பு ஏ கட்டில் விடவே விடாது. எழுதிய மருத்துவர் நேரில் வந்தால்தான் அது உயிர் பெறும். அவர் ஒப்பந்தம் முடிந்து வெளிநாடு போய்விடக்கூடும். தொடக்கத்திலேயே முகவரி வாங்கி வையுங்கள்.

சட்டவிரோதத் தடுத்துவைப்பு என்ற தலைப்பு குகன் வழக்கில் மேல்முறையீட்டில் உதிர்ந்தது. உள்ளே அடித்தார்கள் என்பதனால் மட்டும் தடுப்புக் காவல் சட்டவிரோதமாகிவிடாது. கைதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லை, உத்தரவு காலாவதியான பிறகும் வைத்திருந்தார்கள் என்பது போன்ற நேரக் கணக்கு இருந்தால் மட்டும் அதைச் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

பணக் கணக்கு

7ஆம் பிரிவின் கணக்கு இரக்கமற்ற கூட்டல். இறந்தவர் 30 வயதோ அதற்குக் கீழோ என்றால் 16 ஆண்டால் பெருக்க வேண்டும். அதற்கு மேல், 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 23 வயது மகன் மாதம் 600 ரிங்கிட் தாய்க்குக் கொடுத்தான் என்று நிரூபித்தால் 600 பெருக்கல் 12 பெருக்கல் 16, அதாவது 1,15,200. 44 வயதுக் குடும்பத் தலைவர் 1,500 கொடுத்திருந்தால் பெருக்கு எண் 8, தொகை 1,44,000. துக்க இழப்பீடு 2019 செப்டம்பர் 1 முதல் 30,000, அதற்கு முன் 10,000. ஈமச் செலவும் கிடைக்கும், ரசீது இருந்தால்.

இங்கே நம் குடும்பங்கள் தோற்பது கையில் கொடுத்த காசினால். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையில்லை, சம்பளச் சீட்டில்லை, மகன் வெள்ளிக்கிழமை தோறும் அடுப்படி டப்பாவில் வைத்த நோட்டுக்குச் சாட்சி அம்மா மட்டுமே. முதலாளியின் கடிதம், மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு, மகன் இறந்த மாதத்திலிருந்து தவறிப்போன வாடகைத் தவணை என்று சுற்றிவளைத்தாவது காட்ட வேண்டும். தண்டனைக் கைதி இறந்தால், உள்ளே அவருக்கு என்ன வருமானம் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும்.

பெரிய தொகை வந்துகொண்டிருந்தது முன்மாதிரி இழப்பீட்டில், அதாவது அதிகாரிகளின் கொடுமையைத் தண்டிக்கும் தொகையில். 8ஆம் பிரிவு அதைத் தடுத்தாலும், உயிர்வாழும் உரிமையை அரசமைப்புச் சட்டம் காப்பதால் தடை பொருந்தாது என்று குகன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2017இல் வேறொரு துப்பாக்கிச்சூட்டு மரணத்தை ஒட்டிய மேல்முறையீடுகளில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தக் கதவைச் சாத்தியது: இறந்தவரின் சொத்துரிமை சார்பில் முன்மாதிரி இழப்பீடு கிடையாது. பிழைத்திருக்கும் கைதிக்கு அந்தத் தடை இல்லை. அடிபட்டு உயிரோடு வெளியே வந்தவர் கேட்கக்கூடியதை, அதே அடியில் செத்தவருக்காக அவர் தாய் கேட்க முடியாது. நாடாளுமன்றம் 2019இல் இதே சிவில் சட்டத்தைத் திருத்த எடுத்தும் இந்த வரியை அப்படியே விட்டது நமக்குப் புரியாத சங்கதி.

தீர்ப்புக்குப் பிறகு

அரசாங்கத்தின் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. அரசாங்க நடவடிக்கைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்திலிருந்து சான்றிதழ் வாங்கி, சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். மேல்முறையீடு இருந்தால் நிறுத்தி வைக்கக் கேட்பார்கள். தீர்ப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஓடும்.

வந்த பணம் இரண்டாகப் பிரிகிறது. 7ஆம் பிரிவுத் தொகை நீதிமன்றம் குறிப்பிட்ட ஆளுக்கு நேரே போகும். 8ஆம் பிரிவுத் தொகை நிர்வாகி கைக்கு வந்து, 1958 சொத்துப் பகிர்வுச் சட்டப்படி பிரியும்: மனைவி, பிள்ளை, பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்கு கால், பெற்றோருக்கு கால், பிள்ளைகளுக்குப் பாதி. தாயாரா மருமகளா என்ற பழைய சண்டை இங்கே திரும்பவும் தலைதூக்கும். ஆகவே நிர்வாகப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் அன்றே இந்தப் பங்கீட்டை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் சைன் வாங்கி வைப்பது நல்லது.